பேரம் பேசியவருக்கு மட்டும் முகம்

(கொட்டாஞ்சேனையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் செப்பமிட்டுச் சுருக்கப்பட்டது.)



இந்த மண்டபத்திலிருந்து இறங்கிக் கொச்சிக்கடைப் பக்கம் நடந்தால் சிறிது நேரத்தில் துறைமுக மதில் வந்துவிடும். அந்தப் பக்கத்தில்தான் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான காலத்தில் கருங்கல்லில் மீண்டும் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் அங்கேதான். செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கும் வெள்ளிக்கிழமை மற்றதற்கும் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்தவர்களில் ஹாபர் (துறைமுக) வேலைக்காரர்கள் இருந்தார்கள், அவர்களுடைய வீட்டாரும் இருந்தார்கள். ஜம்பட்டா வீதியிலும் ஜிந்துப்பிட்டியிலும் புளூமெண்டல் பக்கத்திலும் குடியிருந்த அந்த மக்கள் கப்பல்களைப் பற்றிப் பேசியது ஏராளம். இந்தச் சொற்பொழிவு மறுபக்கத்தைக் கேட்கிறது: கப்பல்களில் வந்தவர்கள் இவர்களைப் பற்றி எதை நினைவில் வைத்துக்கொண்டார்கள்?

பல மொழிகளில், பல காலங்களில் எழுதப்பட்ட குறிப்புகளைச் சேர்த்துப் படிக்கும்போது ஓர் ஒழுங்கு தெரிகிறது. கப்பலில் வந்தவர் யாரோடு விலை பேசினாரோ அவர் எழுத்தில் முகத்தோடு நிற்கிறார், சில வேளை பெயரோடும் நிற்கிறார். யாருடைய கூலியை வேறொருவர் தீர்மானித்தாரோ அவர் எத்தனை மணி நேரம் கண்ணெதிரே வேலை செய்தாலும் கூட்டமாக, சத்தமாக, தூசியாகவே பதிவாகிறார். இன்று சொல்லவிருப்பது இந்த ஒன்றைத்தான். அதற்கான சான்றுகளையும் அதற்கு ஒத்துவராத சிலவற்றையும் இலக்கமிட்டுப் பார்ப்போம்.

1.

முதலில் கொழும்பு எப்படி எல்லாரும் நின்றுபோகும் இடமாயிற்று என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தூரக் கப்பல்கள் நின்றது காலியில். கொழும்பு தென்மேற்குப் பருவக்காற்றுக்கு வெறும் மார்பைக் காட்டிக்கொண்டிருந்த திறந்த கடல். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு நிலைமை மாறியது. 1875 டிசம்பர் 8ஆம் திகதி வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். சேர் ஜோன் கூட் வரைந்த திட்டப்படி நாலாயிரம் அடிக்கு மேல் நீண்ட தென்மேற்கு அணை 1885இல் முடிந்தது. வடகிழக்கேயும் வடமேற்கேயும் அணைகள் பின்னர் வந்து சேர்ந்தன. முதல் உலகப்போருக்கு முந்திய வருடங்களில், வந்துபோன கப்பல்களின் கொள்ளளவைக் கொண்டு எண்ணினால், உலகின் முதற்பத்துத் துறைமுகங்களுக்குள் கொழும்பு இருந்தது.

ஏடனிலிருந்து வந்த கப்பல் இங்கிருந்து கல்கத்தாவுக்கோ சிங்கப்பூருக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ பிரியும். ஆங்கிலேயர் கிழக்கின் கிளாப்பம் சந்தி என்று இதற்குப் பட்டம் வைத்தார்கள். இறங்கவும் ஏறவும் சரக்கு இருந்ததோ இல்லையோ, கரியும் தண்ணீரும் தேவைப்பட்டன. கரி ஏற்றுவதற்காக நின்ற மணித்தியாலங்கள்தாம் பயணிகளுக்குக் கொழும்பு. கடலோடிகளுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம் கிடைத்தது: தேயிலைப் பெட்டிகளும் இறப்பரும் கொப்பறாவும் ஏறி முடியும்வரை.

இந்த வேலைக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இந்த அவைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கத்தவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி வந்தார்கள். அதே வழியில்தான் 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பல் கொம்பனியைத் தொடங்கி வெள்ளைக்காரக் கொம்பனியோடு மோதினார். மலையாளத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். சிங்களவரும் சோனகரும் இருந்தார்கள். ஹாபரை ஒரு சாதியார், ஓர் இனத்தார் தனியாகச் சொந்தம் கொண்டாடிய காலம் கிடையாது.

2.

இப்போது முகம் பெற்றவர்களைப் பார்ப்போம்.

கப்பல் நங்கூரமிட்டதும் முதலில் நெருங்குவது கட்டுமரத்தில் வரும் பையன்கள். தண்ணீரில் காசை எறிந்தால் அது அடிமண் சேருமுன் பாய்ந்து பல்லிடுக்கில் கவ்விக்கொண்டு மேலே வருவார்கள். 1890களுக்குப் பின் வந்த பயணக் குறிப்புகள் பலவற்றில் இவர்கள் முழங்கையால் விலாவில் தாளம் தட்டி, அந்நாள் இலண்டன் மேடையில் பிரபலமாயிருந்த ‘தா-ரா-ரா-பூம்-டி-ஏ’ பாட்டைப் பாடுகிறார்கள். வெள்ளிக்காசு என்றால் பாய்வார்கள், செம்புக்காசு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எழுதியவர்களுக்கு அந்தத் திருப்பிய முகம் மறக்கவில்லை. பத்து வயதுப் பையன் தன் வேலைக்குத் தானே விலை சொன்னான், குறைந்த விலையை மறுத்தான். இந்தக் காட்சியைத் தவறவிட்ட பயணக் கட்டுரையைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடுத்து மேல்தளத்துக்கு வருபவர்கள்: நீலக்கல், சந்திரகாந்தக்கல் விற்கும் சோனக வியாபாரி, காலையில் அளவெடுத்து மாலைக்குள் வெள்ளைக் காற்சட்டை தைத்துத் தருவதாகச் சத்தியம் செய்யும் தையற்காரர், கப்பல் புறப்படுமுன் உலர்த்தி மடித்துக் கொண்டுவரும் சலவைக்காரர். இவர்களைப் பற்றி எழுதியவர்கள் பல வேளை ஏளனமாக எழுதினார்கள். கண்ணாடித் துண்டை நீலக்கல் என்று தலையில் கட்டிவிட்டான் என்ற புகார் மிகப் பழையது. பேரம் ஒருவருக்கு முகத்தைக் கொடுத்தபோது ஏமாற்றுக்காரன் என்ற பட்டத்தையும் சேர்த்தே கொடுத்தது. கேட்டதில் பாதிக்கு வாங்கிவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டவரும் அதே பக்கத்தில் அதே மையில் எழுதுகிறார். அவரை யாரும் அப்படி அழைக்கவில்லை.

மார்க் ட்வெய்ன் 1896 ஜனவரியில் அவுஸ்திரேலியாவிலிருந்து ‘ஓஷானா’ என்ற கப்பலில் கொழும்பு வந்தார். கடனை அடைப்பதற்காக உலகம் சுற்றிப் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. அடுத்த வருடம் வெளிவந்த பயண நூலில் கொழும்புக்குச் சில பக்கங்களே ஒதுக்கினாலும், பிரிஸ்டல் ஹோட்டலில் தமக்கு வேலை செய்த இளைஞனைப் பெயர் சொல்லி நிறுத்துகிறார்: பிரொம்பி. பெண்பிள்ளையைப் போல் வாரி முடிந்த கூந்தல், அதில் ஆமையோட்டுச் சீப்பு, சிரித்த முகம் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. பெயரை அவர் சரியாகக் கேட்டுக்கொண்டாரா என்பது வேறு விஷயம். கப்பலில் வேலை செய்த லஸ்கர் எனப்படும் ஆசிய மாலுமிகளையும் அவர் உற்றுப் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பருத்தி உடை, சிவப்பு இடுப்புத்துணி, தொப்பி என்று அவர்கள் நிறங்களாக வருகிறார்கள். பெயர் யாருக்கும் இல்லை. இவர்களில் ட்வெய்னின் பையிலிருந்து காசு நேராகக் கைமாறியிருக்கக்கூடியவர் பிரொம்பி மட்டுமே.

அன்டன் செக்காவ் அதற்கு ஐந்து வருடம் முந்தி, 1890 நவம்பரில் வந்தவர். சகாலின் தீவில் கைதிகளைக் கணக்கெடுத்துவிட்டு ‘பீட்டர்ஸ்பர்க்’ என்ற கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சகாலினை நரகம் என்றும் இலங்கையைச் சொர்க்கம் என்றும் நண்பருக்கு எழுதிய கடிதத்தை இங்குள்ள சுற்றுலாக்காரர்கள் விடாமல் பயன்படுத்துகிறார்கள். ரயிலில் உள்நாட்டுக்குப் போனதும் கொழும்பில் கீரிப்பிள்ளை வாங்கி மொஸ்கோவரை கொண்டுபோனதும் அவர் எழுத்திலும் நண்பர் நினைவுகளிலும் வருகின்றன. துறைமுகத்தில் அவர் தொட்ட, விலை கொடுத்த பொருளும் உயிரும் நின்றன. ஆனால் செக்காவ் செக்காவ்தான்: தம்மைப் போன்றோரின் பார்வையில் என்ன விடுபடுகிறது என்பதையும் அதே பயணத்தில் எழுதிவிட்டார். அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

3.

கொழும்பில் மிகப் பெரிய வேலை கரி வேலை. பாரப் படகுகளில் கரி வந்து கப்பலின் விலாவில் அணையும். சாக்கிலும் கூடையிலும் கரியைத் தோளிலும் தலையிலும் தூக்கிச் சாய்ந்த பலகையில் ஏறி, கரியறையின் வாயில் கொட்டிவிட்டு, இன்னொரு பலகையால் இறங்கி வர வேண்டும். இரவென்றால் விளக்கைக் கட்டிக்கொண்டு நடக்கும். கப்பலுக்குள் அதைப் பரப்பிச் சமன்செய்பவர் வேறு, அடுப்பில் அள்ளிப் போடுபவர் வேறு. பயணிகளுக்கு அன்று என்ன சொல்லப்படும்? அறைச் சன்னல்களைச் சாத்துங்கள், கரைக்குப் போய்விட்டு மாலையில் வாருங்கள். தளத்து விரிப்புகளைச் சுருட்டி, நாற்காலிகளைத் துணியால் மூடிவிடுவார்கள். அதாவது கொழும்பின் மிகக் கனமான உழைப்பு நடந்த மணித்தியாலங்களில், எழுதக்கூடியவர்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க அனுப்பப்பட்டார்கள்.

திரும்பி வந்து அவர்கள் எழுதிய வரிகளில் கரித்தூசி இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது, எறும்பு வரிசையோ பேய்க்கூட்டமோ உவமையாக வருகிறது. ஒரு மனிதரின் வயதோ முகமோ வருவதில்லை. இது எழுதியவர்களின் மனக்குறை மட்டும் என்று விட்டுவிட முடியாது. காசு போன வழியைப் பாருங்கள். கப்பல் கொம்பனி தன் முகவருக்குக் கொடுத்தது, முகவர் கரிக் கொம்பனிக்குத் தொன் கணக்கில் கொடுத்தார், கரிக் கொம்பனி ஒப்பந்தக்காரருக்கு, ஒப்பந்தக்காரர் கங்காணிக்கு, கங்காணி தன் தரகையும் முன்பணக் கடனையும் கழித்துக்கொண்டு மீதியைத் தொழிலாளிக்கு. கப்பலில் நின்றவரும் கரி தூக்கியவரும் விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கண்ணோடு கண் பார்க்க வேண்டிய தேவையே அந்த ஏற்பாட்டில் எழவில்லை.

செக்காவ் பக்கம் திரும்புவோம். கொழும்பில் கருக்கொண்டதாக அவரே சொன்ன கதை ‘கூசெவ்’. 1890 டிசம்பரில் ‘நோவயே விரேமியா’ பத்திரிகையில் வந்தது. தூரக் கிழக்கில் சேவை முடித்து, நோயோடு கப்பலில் ஊர் திரும்பும் படைவீரன் கூசெவ். பெயர் சொல்லாத ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது. சன்னலுக்கு வெளியே படகில் சீனர்கள் பறவைக் கூண்டுகளைத் தூக்கிப் பிடித்து, இது பாடும் என்று கூவி விற்கிறார்கள். பக்கத்துப் படகில் பருத்த சீனர் ஒருவர் பாட்டுக்கு உட்கார்ந்து குச்சியால் சோறு தின்கிறார். கூசெவுக்கு அவர் பிடரியில் ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. விற்பவரைப் பார்த்து அந்த எண்ணம் வரவில்லை. எதையும் விற்காமல் தன் சோற்றைத் தின்றவரைப் பார்த்துத்தான் வந்தது. முன்பொருமுறை முற்றத்துக்கு விறகு சுமந்து வந்த நாலு சீனக் கூலிகளைக் காரணமில்லாமல் அடித்ததையும் அவன் சாதாரணமாகச் சொல்கிறான், சலிப்பாக இருந்ததாம். கூசெவ் கொடியவன் இல்லை, எளிய நாட்டுப்புறத்தான். சொல்ல எந்த விலையும் இல்லாமல் சுமந்துகொண்டு போகிறவர்கள் அவன் கண்ணுக்கு யாராகத் தெரிந்தார்கள் என்பதைச் செக்காவ் தீர்ப்புச் சொல்லாமல் எழுதிக் காட்டுகிறார்.

இதைப் படித்துவிட்டு லெனார்ட் வூல்ஃப் எழுதிய தன்வரலாற்றின் இரண்டாம் பாகத்துக்குப் போனால் திடுக்கிடும். வூல்ஃப் 1904 டிசம்பரில் ‘சிரியா’ கப்பலில் சிவில் சேவை பயில வந்தவர், பின்னாளில் ‘பெத்தேகம’ நாவலை எழுதியவர். கரையில் இறங்கியதும் அவருடைய நாய் வீதியோரம் நின்ற ஒரு சிங்களவரின் வெள்ளை வேட்டியை இலண்டன் விளக்குக் கம்பமாக எண்ணிக் காலைத் தூக்கிவிட்டது. அந்த மனிதர் உட்பட யாரும் பெரிதுபடுத்தவில்லை என்று வூல்ஃப் வியக்கிறார். பின்னர் ஏகாதிபத்தியத்தையே வெறுத்து வேலையை விட்டவர் அவர். ஆனாலும் நூலில் அந்த மனிதர் வேட்டியாக வந்து வேட்டியாகவே போகிறார். பெரிதுபடுத்தினால் என்ன ஆகும் என்பதை அந்த மனிதர் அறிந்திருந்தார் என்ற எண்ணம் 1961இல் எழுதும்போதும் வூல்ஃபுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

4.

பேரத்துக்கும் மௌனத்துக்கும் நடுவில் ஓர் ஆள் உண்டு: ரிக்ஷாக்காரர். கொழும்பில் ரிக்ஷா இழுத்தவர்களில் கணிசமானோர் தென்னிந்தியத் தமிழர். அவர்களுக்கு நகரசபை அனுமதித் தகடு உண்டு, கட்டணப் பட்டியலும் உண்டு. விலையை அவர்கள் கேட்கலாம், பட்டியலைத் தாண்டிக் கேட்டால் பொலிசுக்குப் போவேன் என்று பயணி மிரட்டலாம். அரைப் பேரம்.

ரஷ்ய எழுத்தாளர் இவான் பூனின் 1911இல் இலங்கை வந்து, 1914இல் ‘சகோதரர்கள்’ என்ற கதையை எழுதினார். பின்னர் 1933இல் நோபல் பரிசு பெற்றவர். கொழும்பு ரிக்ஷாக்கார இளைஞன் ஒருவனும் அவன் இழுத்துக்கொண்டு ஓடும் ஆங்கிலேயர் ஒருவரும் கதைமாந்தர். இறந்த தகப்பனின் 7ஆம் இலக்கத் தகட்டை மகன் எடுத்துக் கட்டிக்கொள்கிறான். அவனுக்கு அடையாளம் அந்த இலக்கம். வெயிலில் ஓடி ஓடி, தான் மணக்க இருந்த பெண்ணை வெள்ளைக்காரர் வீட்டில் கண்டு, அவன் உயிரை விட்டுவிடுகிறான். பிற்பகுதி கொழும்பிலிருந்து புறப்பட்ட ரஷ்யக் கப்பலில் நடக்கிறது. ஆங்கிலேயர் கப்பல் தலைவரிடம் காலனிகளில் தாம் கண்டதையும் செய்ததையும் இரவில் மனம் திறந்து பேசுகிறார். ஆபிரிக்கா வருகிறது, இந்தியா வருகிறது, புத்தர் வருகிறார். இழுத்தவன் செத்துப்போயிருக்கிறான். அந்தக் கப்பல் தலைவர் கதையில் வரும் விதமும் கவனிக்கத்தக்கது. அலுவலில் கண்ணாயிருக்கும், பேச்சைப் பாதி கேட்கும் மனிதர். துறைமுகத்தை மிக அதிகம் பார்த்தவர் அவர்தான், சொல்ல ஒன்றுமில்லாதவரும் அவர்தான்.

வெள்ளவத்தைக்குப் போகாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 1929–30இல் பாப்லோ நெருடா சிலி நாட்டுக் கொன்சலாக அங்கே கடலோரம் ஒரு வீட்டில் இருந்தார். அவர் இறந்த மறு வருடம், 1974இல் வெளிவந்த நினைவுக் குறிப்புகளில் ஒரு பகுதி இருக்கிறது. விடியற்காலையில் வீட்டுப் பின்புறமாக வந்து கழிவறை வாளியை எடுத்துத் தலையில் சுமந்துபோன ஒரு தமிழ்ப் பெண்ணைப் பற்றியது. அவள் எந்தச் சாதியென்று எண்ணப்பட்டாள் என்பதை எழுதுகிறார். சேலையின் நிறத்தையும் வெறுங்காலில் கிடந்த காப்புகளையும் எழுதுகிறார். அவள் நடக்கும் வழியில் பழமும் பட்டுத் துணியும் வைத்திருக்கிறார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாள் கையைப் பிடித்து இழுத்து வன்புணர்ந்ததையும், அவள் கண் திறந்தபடி கற்சிலைபோல் கிடந்ததையும், தம்மை இகழ்ந்தது சரியே என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். பல பதிற்றாண்டுகள் கவித்துவமான பகுதி என்று கடந்துபோன வாசகர்கள் பலர். 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு நெருடா பெயரை வைக்க முயன்றபோது சிலி நாட்டுப் பெண்கள் இதைக் காட்டித்தான் எதிர்த்தார்கள். இங்கே அசோக ஹந்தகம 2021இல் இதை வைத்து ‘அல்பொராதா’ என்ற படத்தை எடுத்தார்.

இந்தப் பெண் நமது ஒழுங்குக்கு ஒத்துவராதவர் என்று ஒருவர் சொல்லலாம்: பேரம் பேசாதவர், ஆனாலும் நினைவில் முகத்தோடு இருக்கிறாரே? கூர்ந்து பார்த்தால் விலை அங்கேயும் நடுவில் இருக்கிறது. பழமும் பட்டும் விலைதான். அவள் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் மறுத்தாள். கட்டுமரப் பையன் செம்புக்காசை மறுத்தது வேடிக்கையாயிற்று. இவள் மறுத்தது மறுப்பாகவே கொள்ளப்படவில்லை. நகரசபை கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் போக வேண்டியவளுக்கு, இன்னொருவர் தாமாக வைத்த விலையை ஏற்க மறுக்கும் உரிமை இருந்ததாகக் கொன்சல் எண்ணவில்லை. அவருடைய நூலில் அவள் பேசிய சொல் ஒன்றுகூட இல்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அவளுக்குக் குடும்பம் இருந்திருக்கும், பெயர் இருந்திருக்கும்.

5.

ஹாபர்த் தொழிலாளர் தாங்களே விலை சொன்ன நாட்களும் உண்டு. அவற்றை வேலைநிறுத்தம் என்கிறோம். கொழும்பில் 1893இல் அச்சகத் தொழிலாளரும், 1906இல் கரத்தை ஓட்டியவர்களும் வேலையை நிறுத்தினார்கள். ஏ. ஈ. குணசிங்க 1922இல் தொழிற்சங்கம் அமைத்து, அடுத்த வருடம் பொது வேலைநிறுத்தம் நடத்தினார். 1927இன் தொடக்கத்தில் துறைமுகமே நின்றது. விசாகா குமாரி ஜயவர்தன தொழிலாளர் இயக்க வரலாற்றில் தரும் கணக்குப்படி ஏறத்தாழ 13,000 பேர். கரி ஏற்றுவோர், சரக்கு இறக்குவோர், படகுக்காரர் எல்லாரும் சேர்ந்தார்கள். அக்காலத்தில் குணசிங்கவோடு நின்ற தமிழர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து வந்து ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ பத்திரிகைகளை நடத்தியவர். பின்னர் இருவரும் பிரிந்தார்கள். 1930களில் குணசிங்க மலையாளிகளுக்கு எதிராகப் பேசியபோது, ஒரே பலகையில் கரி சுமந்தவர்களுக்கு நடுவில் கோடு விழுந்தது. அந்தக் கதை தனியாகப் பேச வேண்டியது.

இங்கே வேண்டிய விஷயம் இதுதான். நிறுத்தம் நடந்தபோது முகவரும் கப்பல் தலைவரும் கரியைக் கையில் எடுக்கும் மனிதரை நினைத்தே ஆக வேண்டியிருந்தது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளும் காசு. முகவர், கொம்பனி, ஒப்பந்தக்காரர், கங்காணி என்ற சங்கிலி அறுந்து, விலை கேட்பவர் நேரே வாசலில் வந்து நின்றார். கட்டுமரப் பையன் தனியாகச் செய்ததை 13,000 பேர் கூட்டாகச் செய்தார்கள்.

இன்னொரு முறை அவர்கள் இல்லாமையால் கவனிக்கப்பட்டார்கள். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்துக்குள் ‘ஹெக்டர்’ கப்பல் எரிந்தது, ‘டெனிடொஸ்’ மூழ்கியது. தாக்குதலுக்குப் பின் தொழிலாளர் பலர் நகரை விட்டு ஊர்களுக்கும் இந்தியாவுக்கும் போய்விட்டார்கள். போர்க்காலத் துறைமுகம் ஆளில்லாமல் திணறியது. கடற்படையினரின் நினைவுகளில் இது ஓடிப்போன கூலிகளின் கதை. கொட்டாஞ்சேனை வீடுகளில் இது பிள்ளைகுட்டிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று முடிவெடுத்த காலையின் கதை. கப்பற்காரருக்குப் பதுங்குகுழியும் ஓய்வூதியமும் இருந்தன. நாட்கூலிக்கு அன்றைய நாட்கூலி இருந்தது.

6.

ஒரு மறுப்பைக் கேட்டே ஆக வேண்டும். இதுவரை வந்தவர்கள் எழுத்தாளர், அதிகாரி, கொன்சல். உண்மையான கடலோடிகள் எங்கே?

கரி தூக்கியவரை மிக அருகில் கண்டவர் கப்பலின் அடியில் கரியைப் பரப்பியவரும் அடுப்பில் அள்ளிப் போட்டவரும். பி. அன் ஓ. கொம்பனியின் கப்பல்களில் அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்த லஸ்கர்கள். மேல்தளத்தில் குஜராத், கொங்கணக் கரையோர், உணவறையில் கோவாக்காரர். வெள்ளை மாலுமியை விடப் பல மடங்கு குறைந்த சம்பளம், தனி ஒப்பந்தம். கொழும்பில் கரி இறங்கும் வாயில் மேலே நின்ற தமிழரும் கீழே நின்ற பஞ்சாபியும் ஒரே தூசியை மூச்சில் இழுத்தார்கள். சாப்பாட்டு வேளையில் பீடியோ புகையிலையோ கைமாறியிருக்கும். இந்தச் சந்திப்பு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை, ஏனென்றால் இரு பக்கத்திலும் எழுதியவர் இல்லை. தொழிலாளரை உண்மையாகவே நினைவில் வைத்திருந்திருக்கக்கூடிய கடலோடிகள் அவர்கள்தாம். கப்பலில் வந்தவர்களின் நினைவு என்று நூலகத்தில் கிடைப்பது அந்தக் கப்பலின் மேல்தட்டில் இருந்தவர்களின் நினைவு மட்டும்.

தமிழரே வெளித் துறைமுகத்தில் அந்நியராக நின்ற கதையும் நம்மிடம் உண்டு. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய பாய்க்கப்பல் ‘அன்னபூரணி அம்மாள்’. அமெரிக்கக் கடலோடி வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் அதை வாங்கித் தம் மனைவி பெயரால் ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ ஆக்கினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும் அதை சூயஸ் வழியாகவும் அத்திலாந்திக் வழியாகவும் ஓட்டிப்போய், 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அங்கே கரையில் நின்ற மீனவரும் துறைமுக வேலையாட்களும் இவர்களை வேடிக்கை பார்த்தார்கள், பத்திரிகைகள் படம் பிடித்தன. இவர்கள் அவர்களைப் பற்றி என்ன சொன்னார்கள்? வல்வெட்டித்துறையில் கப்பலின் பெயரும் பயணமும் பெருமையாகப் பேசப்படுகின்றன. குளொஸ்டர் மீனவரைப் பற்றிய பேச்சு அருமை. மேல்தட்டின் பார்வை வெள்ளையருக்கு மட்டும் உரியதென்று நாமும் நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

7.

1958இல் சரக்கு வேலையை அரசு கூட்டுத்தாபனமாக்கியது. 1979இல் துறைமுக அதிகாரசபை வந்தது. கரி போய் எண்ணெய் வந்து நெடுங்காலம். 1980களில் கொள்கலன் வந்தபின் நாட்கணக்கில் நின்ற கப்பல்கள் மணிக்கணக்கில் புறப்படுகின்றன. இன்றைய மாலுமி பார்ப்பது பாரந்தூக்கியை. அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் இருக்கிறார்.

இதற்கிடையில் 1948ஆம் வருடத்தின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. பரம்பரையாகக் குடியுரிமை பெறத் தகப்பனார் இங்கே பிறந்ததையோ, பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்ததையோ காட்ட வேண்டும் என்றது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டார்கள். 1,50,000 பேரின் கணக்கு பின்னுக்குத் தள்ளப்பட்டது. பேசப்பட்டது பெரும்பாலும் மலையகத்தைப் பற்றியே. ஹாபர்க் குடும்பங்களும் அந்த எண்களுக்குள் இருந்தன. கப்பலில் வந்தவர்கள் கேட்காத பெயர்களை அரசாங்கம் கேட்டது, அதுவும் மூன்று தலைமுறைக்கு.

அதனால் ஒரு விளைவு. இந்தப் பக்கத்து வீடுகளில் கடதாசிகளை எறியும் பழக்கம் இல்லை. அலுமாரியின் மேல்தட்டில் தகரப் பெட்டிக்குள் பழைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் இருக்கும். அவற்றில் தகப்பன் பெயர், இனம், தொழில் என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஹாபர் அனுமதி அட்டை, சங்கச் சந்தா ரசீது, தூத்துக்குடிக் கப்பல் சீட்டு, தலைமன்னார் வழியே போன உறவினர் எழுதிய கடிதம் ஆகியவையும் இருக்கலாம். கோயில்களிலும் தேவாலயங்களிலும் திருமண, ஞானஸ்நானப் பதிவேடுகள் உள்ளன. ட்வெய்ன் பெயர் சொன்னது ஒருவரை. இங்கே ஆயிரக்கணக்கில் பெயர்கள் தொழிலோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன.

அறக்கட்டளையினர் அனுமதித்தால், இந்த வருடத்துக்குள் இங்கேயே இரண்டு சனிக்கிழமைகளில் இந்தக் கடதாசிகளைக் கொண்டுவந்து படியெடுக்க ஏற்பாடு செய்யலாம். மூலத்தை யாரும் கொடுத்துவிட வேண்டாம். படியெடுத்தவற்றுக்கான இடாப்பில் முதல் நிரல் பெயராக இருக்கட்டும், இரண்டாவது நிரல் வேலையின் விவரமாக இருக்கட்டும்: கரியா, படகா, வின்ச்சா, சலவையா, ரிக்ஷாவா, நகரசபைத் துப்புரவா. மூன்றாவது நிரலில் அவர்கள் வீட்டில் பேசிய கப்பல்களின் பெயர்களை எழுதிக்கொள்ளலாம். எந்தக் கப்பல்காரர் நல்லவர், எவர் கூலியைக் குறைத்தவர் என்பதைப் பாட்டிமார் இன்னும் சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு நாற்காலியும் தேநீரும் போதும்.